சூரியனுக்குக் கோதுமை: மதுரையில் குளூட்டன் இல்லாத ஐந்து நாட்கள்

எங்கள் மகளுக்கு 11 வயது. 6 வயதில் அவளுக்குச் சீலியாக் நோய் என்று தெரிந்தது. வயதுக்கேற்ற வளர்த்தி இல்லை, இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் ரத்தசோகை விலகவில்லை, வயிறு எப்போதும் உப்பிக் கிடந்தது. முதலில் டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனை, அப்புறம் எண்டோஸ்கோப்பி வைத்துச் சிறுகுடலிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் வயிற்றுக்குள் போனால், அவள் உடம்பே அவள் குடலைத் தாக்கும். இதற்கு மாத்திரை கிடையாது. ஆயுசுக்கும் பத்தியம்தான் வைத்தியம்.

நாங்கள் இருப்பது டெல்லியில். கோதுமை ராஜ்ஜியம் நடக்கும் ஊரில் கோதுமையே நுழையாத ஒரு சமையலறையை ஐந்து வருடமாகக் காப்பாற்றி வருகிறோம். தை மாதத்தில் மதுரையில் ஒரு கல்யாணம். நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்கள், மதுரை எங்களுக்குப் புது ஊர். புதன்கிழமை காலை ரயிலை விட்டு இறங்கியபோது என் மனைவி சொன்னாள்: “அரிசி ஊருக்கு வந்துட்டோம். அஞ்சு நாள் நிம்மதியா சாப்பிடட்டும் குழந்தை.” எனக்கும் அதே எண்ணம்தான். வியாழக்கிழமை இரவு அவள் நான்கு முறை வாந்தி எடுத்தாள்.

எங்கே தவறியது என்று அன்றிரவிலிருந்து நாங்கள் தேடிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்படி ஒரு குழந்தையைக் கூட்டிக்கொண்டு தெரியாத ஊருக்குப் போகிறவர்களுக்கு, “ஜாக்கிரதையாக இருங்கள்” என்ற வார்த்தை போதாது. எந்தக் கரண்டியில், எந்தப் பொட்டலத்தில், எவ்வளவு என்று தெரிய வேண்டும்.

முதல் நாள்

தங்கிய விடுதிக்கு எதிரே ஒரு சைவ ஓட்டல். காலையில் இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி. உட்கார்ந்ததுமே சப்ளையரிடம் கேட்டேன்: “கோதுமை எதுவும் சேருமா? பாப்பாவுக்கு ஆகாது.” அவர் சிரித்துவிட்டார். “இட்லில எங்க சார் கோதுமை?” பெருங்காயத்தைப் பற்றியும் கேட்டேன். டெல்லியில் உணவு ஆலோசகர் முதல் நாளே எச்சரித்த பொருள் அது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு மைதாவோ கோதுமை மாவோ சேர்ப்பது வழக்கம், அதனால் எங்கள் வீட்டில் பெருங்காயமே கிடையாது. சப்ளையர் உள்ளே போய்க் கேட்டு வந்தார். “தூள் போடறதில்ல சார். கட்டிப் பெருங்காயம்தான், ஊறவச்சு ஊத்துறாங்க.”

அது போதும் என்று நினைத்துவிட்டேன். மாவு கலப்பது தூளில்தான், கட்டியாக இருந்தால் சுத்தமானது என்று எனக்குள் ஒரு எண்ணம். அவள் ஆசையாகச் சாம்பாரில் இட்லியை முக்கி முக்கிச் சாப்பிட்டாள். மதியம் அங்கேயே முழுச் சாப்பாடு: சாம்பார், ரசம், கூட்டு, மோர்.

இரவுதான் முதல் மணி அடித்தது. வேறு ஒரு சப்ளையரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். அவர் அக்கறையோடு சொன்னார்: “கோதுமை வேணாம்னா ரவா தோசை சாப்பிடுங்க சார், நல்லா இருக்கும்.”

என்னிடம் கேள்விதான் சரியில்லை என்று அப்போது புரிந்தது. ரவை, மைதா, சேமியா எல்லாம் கோதுமைதான் என்பது டெல்லியில் எந்தச் சமையல்காரருக்கும் தெரியும். தமிழ்ச் சமையலறையில் கோதுமை என்றால் சப்பாத்தி மாவு, இல்லாவிட்டால் கோதுமை ரவை உப்புமா. ரவை வேறு சரக்கு, மைதா வேறு சரக்கு, சேமியா வேறு சரக்கு. யாரும் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட சொல்லுக்கு அவர்கள் அகராதியில் இருந்த பொருளைச் சொன்னார்கள்.

ரவா தோசை வேண்டாம் என்று சொல்லி, சாதா தோசை வாங்கினோம். அந்தச் சாதா தோசையும் ரவா தோசை வார்த்த அதே கல்லில்தான் வெந்து வந்தது. அதைப் பார்த்தும் அப்போது நான் எழுந்து போய்க் கேட்கவில்லை.

இயற்கை அங்காடி

அன்று சாயங்காலமே இன்னொரு இடத்துக்கும் போயிருந்தோம். ரசாயன உரம், பூச்சிமருந்து போடாமல் விளைந்த தானியங்கள் விற்கும் ஒரு சிறிய கடை. உள்ளே நுழைந்ததும் மனசு நிறைந்துவிட்டது. தூயமல்லி, கிச்சிலிச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா, கறுப்புக் கவுனி எல்லாம் சாக்குகளில் வாய் திறந்து நின்றன. சுவரில் இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் படம். கடைக்காரர் ஒவ்வொரு நெல்லும் எந்த ஊர் வயலிலிருந்து வந்தது என்று சொன்னார். அவர் வியாபாரத்துக்காக அந்தக் கடையை நடத்தவில்லை, அந்த நம்பிக்கையில் வாழ்கிறார் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

அங்கே என் மனைவி ஒரு பொட்டலத்தை எடுத்தாள். மேலே “சம்பா ரவை” என்று இருந்தது. மாப்பிள்ளைச் சம்பாவை உடைத்த அரிசி ரவை என்று நினைத்திருக்கிறாள். நான் பார்த்துத் திரும்ப வைத்தேன். சம்பா ரவை என்பது சம்பா கோதுமையின் ரவை. நெல்லுக்கும் சம்பா, கோதுமைக்கும் சம்பா. தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களை விடுங்கள், நன்றாகப் படிக்கிறவர்களையே கவிழ்க்கக்கூடிய சொல் இது.

அந்தப் பொட்டலத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற திருப்தியிலேயே அடுத்ததைக் கோட்டை விட்டோம். “முளைகட்டிய நவதானியச் சத்துமாவு.” வீட்டில் வறுத்து அரைத்தது. காகித ஒட்டில் அந்தப் பெயரும் “இயற்கை முறையில் விளைந்தது” என்ற வரியும் மட்டும் இருந்தன. என்னென்ன சேர்ந்தது என்ற பட்டியல் இல்லை. வியாழன் காலை விடுதி அறையில் வெந்நீர் வாங்கி, கருப்பட்டி போட்டுக் கஞ்சியாகக் கலக்கிக் கொடுத்தோம். வெளியே சாப்பிடுவதைவிட இது பத்திரம் என்று நினைத்தோம். நான்கு மணிக்கு இன்னொரு டம்ளர்.

ஏழு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். எட்டு மணிக்கு வாந்தி ஆரம்பித்தது.

பக்கத்திலிருந்த மருத்துவர் வந்து பார்த்து, உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். செய்யக்கூடியது அவ்வளவுதான். குழந்தை தூங்கிய பிறகு, பன்னிரண்டு மணி இருக்கும், என் மனைவி குளியலறை விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கேட்டாள்: “நவக்கிரகத்துல சூரியனுக்கு எந்தத் தானியம்?”

சந்திரனுக்கு நெல், செவ்வாய்க்குத் துவரை, புதனுக்குப் பச்சைப்பயறு, குருவுக்குக் கொண்டைக்கடலை, சுக்கிரனுக்கு மொச்சை, சனிக்கு எள், ராகுவுக்கு உளுந்து, கேதுவுக்குக் கொள்ளு. சூரியனுக்குக் கோதுமை. சின்ன வயதில் பாட்டி கோயிலுக்குப் போகும்போதெல்லாம் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைத்த வரிசை. ஒன்பதில் ஒன்று கோதுமை என்பது இருவருக்கும் தெரிந்தே இருந்தது. தெரிந்த விஷயம் ஒரு மூலையில், கையிலிருந்த பொட்டலம் இன்னொரு மூலையில் கிடந்திருக்கிறது.

எது எவ்வளவு

மறுநாள் காலை உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். சீலியாக் உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் குளூட்டனுக்குள் இருந்தால் பெரும்பாலும் குடல் கெடுவதில்லை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. தினமும் 50 மில்லிகிராம் போய்க்கொண்டிருந்தால் சில மாதங்களில் குடல் சேதமாவது ஆய்வில் தெரிந்திருக்கிறது. மைதாவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு புரதம், அதில் பெரும்பகுதி குளூட்டன். அதாவது ஒரு கிராம் மைதாவில் சுமார் 80 மில்லிகிராம். பத்து மில்லிகிராம் என்பது ஒரு கிராம் மைதாவில் எட்டில் ஒரு பங்கு. விரல் நுனியில் ஒட்டும் மாவு.

சத்துமாவு: ஒரு டம்ளருக்கு 25 கிராம். ஒன்பதும் சம பங்கு என்று வைத்தால் அதில் கோதுமை கிட்டத்தட்ட 2.8 கிராம். குளூட்டன் 200 மில்லிகிராமுக்கு மேல். இரண்டு டம்ளருக்கு 400.

சாம்பார்: 20 லிட்டர் அண்டாவுக்கு 20 கிராம் கூட்டுப் பெருங்காயம், அதில் பாதி மாவு என்று கொள்வோம். 150 மில்லி கரண்டிக்கு 75 மில்லிகிராம் மாவு, குளூட்டன் 6 மில்லிகிராம். இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டாலே எல்லை தாண்டிவிடும். ரசமும் மோரும் வேறு.

தோசைக்கல்லில் ஒட்டியிருந்தது எவ்வளவு என்று கணக்குப் போட வழியில்லை.

இவை உத்தேச எண்கள்தான், ஆனால் விகிதம் தெளிவு. நாங்கள் பயந்து பயந்து சாப்பிட்ட ஓட்டல் கொஞ்சம் கொடுத்தது. நம்பி வாங்கிய நல்ல கடை அதைப்போல் பல மடங்கு கொடுத்தது. இந்த இடத்தைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இயற்கை உணவு, குளூட்டன் இல்லாத உணவு இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம், ஒரே அலமாரியில் தேடுகிறோம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. இயற்கை விளைபொருளுக்கான ஜைவிக் பாரத் முத்திரை, பயிர் எப்படி விளைந்தது என்பதைச் சொல்கிறது. சம்பா கோதுமையும் அந்த முத்திரையோடு வரலாம். குளூட்டன் இல்லை என்று ஒரு பொட்டலத்தில் எழுத வேண்டுமானால், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குமேல் இருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. அது தனி விதி, தனிப் பரிசோதனை. அதிலும் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் விற்கும் சிறு விவசாயி நேரடியாக நம்மிடம் விற்றால் இயற்கைச் சான்றிதழே கட்டாயமில்லை. அவர்கள் பிழைக்க அந்தச் சலுகை வேண்டியதுதான். வாங்குகிற நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உழவர் சந்தையையும் இதோடு குழப்பிக்கொள்வார்கள். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில்தான் தொடங்கியது. விவசாயி நேரடியாக விற்கும் இடம் அது, இயற்கை விளைச்சல் என்பதற்கு உத்தரவாதம் அல்ல. ஆனால் காயும் கீரையும் முழுதாக, மண்ணோடு கிடைக்கும். எங்கள் தேவைக்கு அதுவே பெரிது.

ஏன் இந்த ஊருக்குத் தெரியவில்லை

முதலில் எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் ஒரு பழைய ஆய்வு நினைவுக்கு வந்து கோபம் அடங்கியது. 2016-இல் வெளியான அந்த ஆய்வில் வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா மூன்றிலும் சேர்த்து 23,000-க்கு மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்தார்கள். ரத்தத்தில் சீலியாக்குக்கான எதிர்ப்பொருள் இருந்தவர்கள் வடக்கில் 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87, தெற்கில் 0.10. நோய்க்கு ஆட்படுத்தும் மரபணு மூன்று இடத்திலும் உண்டு. பெரிய வித்தியாசம் தட்டில்தான்: வடக்கில் ஒருவர் நாளுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிடுகிறார், தெற்கில் 25 கிராம்.

அதனால்தான் டெல்லியில் சீலியாக் என்ற பெயரைக் கேட்டதும் புரிந்துகொள்ளும் சமையல்காரர்களைப் பார்த்திருக்கிறேன். மதுரையில் அந்த ஓட்டல்காரர் தன் வாழ்நாளில் ஒரு சீலியாக் குழந்தையைப் பார்த்திருப்பாரோ என்னவோ. அவர் கவலைப்படக் காரணமே இருந்ததில்லை. கோதுமை குறைவாக இருக்கும் ஊர் என்பதால் பத்திரம் என்று நினைத்தோம். குறைவாக இருக்கும் ஊரில் அதைக் கவனிப்பவர்களும் குறைவு.

வெள்ளிக்கிழமை

குழந்தை தூங்கிக்கொண்டிருக்கையில் இரண்டு இடத்துக்கும் போனேன்.

ஓட்டலில் முதலாளியிடம் சொன்னதும் என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். சரக்கு மாஸ்டருக்கு அறுபது வயது இருக்கும். கைலியை மடித்துக் கட்டி, பெரிய அண்டாவில் துவரம்பருப்பைக் கடைந்துகொண்டிருந்தார். பெருங்காயக் கட்டி வந்த பெட்டியைக் கேட்டேன். எண்ணெய்ப் பிசுக்கோடு எடுத்துக் கொடுத்தார். பொடி எழுத்தில் இருந்தது: கோந்து, கோதுமை மாவு, பெருங்காயம். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டி, வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்து, உதடு அசையப் படித்தார். “முப்பது வருசமா கையில தொடுறேன் அண்ணே. இதுல கோதுமை இருக்குன்னு இன்னைக்குத்தான் பாக்குறேன்.” கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு அவரே வழி சொன்னார். பெருங்காயத் தண்ணீர் கடைசியில்தான் ஊற்றுவார், அதற்கு முன்னால் ஒரு தூக்கில் தனியாக எடுத்து வைத்துவிடலாம். “பாப்பாவுக்குச் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டுத் தர்றேன். வாசம் வந்துரும்.”

தோசையை விட்டுவிடச் சொன்னதும் அவர்தான். கல்லில் பரோட்டா, சப்பாத்தி, ரவா தோசை எல்லாம் புரள்கிறது, எவ்வளவு துடைத்தாலும் நம்ப முடியாது என்றார். இட்லி அவர் துணி போட்டு அவிக்கிறார். அரிசி, உளுந்து, உப்பு, தண்ணீர். தட்டும் பிரச்சினையில்லை, வாழை இலை. ஒவ்வொரு முறையும் புது இலை என்பது சீலியாக் குழந்தைக்கு எவ்வளவு பெரிய வரம் என்று அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

இயற்கை அங்காடிக்காரர் விஷயத்தைக் கேட்டதும் வெளுத்துப்போனார். சத்துமாவில் என்ன சேர்த்தார்கள் என்று விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தவர், மூன்றாவது விரலில் “கோதுமை” என்று சொல்லி நிறுத்தினார். “நான் பூச்சிமருந்தப் பத்தித்தான் நெனச்சேன் சார். இத நெனக்கவே இல்ல.” அதற்கப்புறம் கடை முழுவதும் என்னோடு நடந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கேழ்வரகு சேமியாவில் பாதி கோதுமை மாவு. கம்பு தோசை மாவும் தினை மாவும் அரைபட்ட மில்லில் முந்தின ஈடு என்ன என்று அவருக்கே தெரியாது. கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி எல்லாமே இயல்பில் குளூட்டன் இல்லாதவை. கெடுவது மில்லில். கோதுமை அரைத்த கல்லில் அடுத்து விழுந்தால் கேழ்வரகும் ஆகாது.

அங்கே நின்றபடியே எங்கள் விதி முடிவானது: மாவாக, ரவையாக, சேமியாவாக இருப்பதைத் தொடுவதில்லை. முழுசாக இருப்பதைப் பொறுக்கிக் கழுவிச் சமைப்பது. தூயமல்லி ஒரு கிலோ, தினை அரைக் கிலோ, செக்கு நல்லெண்ணெய், கருப்பட்டி வாங்கினேன். விடுதியில் ஒரு சின்ன மின்சாரக் குக்கருக்கு அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டோம். வெள்ளி இரவு அவள் தூயமல்லிக் கஞ்சி குடித்தாள். சனிக்கிழமை காலை எழுந்து பசிக்கிறது என்றாள்.

மதுரையின் தெருச் சாப்பாட்டில் அவளுக்கு வாய்த்தது பருத்திப்பால். வண்டிக்காரரிடம் இந்த முறை ஒவ்வொரு சாமானாகக் கேட்டேன். பருத்திக்கொட்டைப் பால், அரிசி மாவு, வெல்லம், சுக்கு, ஏலக்காய், தேங்காய்ப்பூ. அரிசி மாவு எங்கே அரைத்தது? ஊறவைத்து வீட்டுக் கிரைண்டரில் ஆட்டியது என்றார். சுடச்சுட ஒரு டம்ளர். மேலுதட்டில் மீசையோடு அவள் நிமிர்ந்து பார்த்ததை நான் மறக்க மாட்டேன்.

கல்யாணப் பந்தி

சனிக்கிழமை மாலையே மண்டபத்துக்குப் போய்ச் சமையல் மாஸ்டரைப் பார்த்தோம். கையில் ஒரு அட்டை. மகளே எழுதியது, டெல்லியில் வளர்ந்த குழந்தையின் கோணல் மாணல் தமிழ்:

“எனக்கு இவை ஆகாது: கோதுமை மாவு, மைதா, எந்த ரவையும், சேமியா, பார்லி, நவதானிய மாவு, எந்தப் பெருங்காயமும். கொஞ்சம் பட்டாலும் நோய் வரும். தனிக் கரண்டி வேண்டும்.”

மாஸ்டர் அதை இரண்டு முறை வாசித்தார். சோறு, தாளிக்காத பருப்பு, நெய், பெருங்காயம் சேருமுன் எடுத்த ரசம், பீன்ஸ் பொரியல், தயிர், வாழைப்பழம் என்று அவரே பட்டியல் போட்டார். வடையும் அப்பளமும் பெருங்காயத்தால் போயின. பாயசம் சேமியா, அதனால் அதுவும் போனது. வறுவலையும் எடுத்துவிட்டார், அதே எண்ணெயில் மைதா போட்ட பலகாரம் பொரித்திருந்தார்களாம். இது எனக்குத் தோன்றியிருக்காது. ஞாயிற்றுக்கிழமை முதல் பந்தியில், மற்றவர்களுக்குப் பரிமாறும் முன்பே, அவளுக்கான நான்கு தூக்குகளும் தனியாக வந்து இறங்கின. பக்கத்து இலை அத்தை பிரியத்தோடு ஒரு ஜாங்கிரியை இவள் இலையில் வைக்கக் கையை நீட்டினார். மகள் இலையின் மேல் இரண்டு கையையும் குடை மாதிரி பிடித்து, “வேண்டாம் அத்தை, எனக்கு ஆகாது” என்றாள். ஜாங்கிரி உளுந்துதான். ஆனால் எந்தத் தட்டிலிருந்து, எந்தக் கையால் என்று தெரியாதே. நாங்கள் சொல்லிக் கொடுத்து அவள் அதைச் செய்யவில்லை.

அன்றும் மறுநாள் ரயிலிலும் அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. ஒரு வாரம் கொஞ்சம் சோர்வாக இருந்தாள். மூன்று மாதம் கழித்து எடுத்த டிடிஜி பழைய அளவிலேயே இருந்தது. ஒரு நாள் தவறை அந்தப் பரிசோதனை காட்டாமலும் போகலாம் என்று மருத்துவர் சொன்னார், அதனால் அதைச் சாட்சியாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

சத்துமாவுப் பொட்டலத்தில் இப்போது சேர்மானம் எல்லாவற்றையும் கையால் எழுதி ஒட்டுவதாக அந்த அங்காடிக்காரர் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கோதுமை என்ற சொல்லுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு.

ஜிகர்தண்டா பாக்கி இருக்கிறது. பால், கடல்பாசி, நன்னாரி வரை விசாரித்தாயிற்று. மேலே போடும் ஐஸ்கிரீமில் கெட்டிப்படுத்த என்ன சேர்க்கிறார்கள் என்று கடைப் பையனால் சொல்ல முடியவில்லை, அதனால் வாங்கவில்லை. அட்டையின் பின்பக்கத்தில் அடுத்த தடவைக்கான முதல் கேள்வியாக அதை அவள் எழுதி வைத்திருக்கிறாள்.